குழந்தைக்குக் கடும் வலி: ஊசி குத்தாமல் தணிக்க, அவசரப் பிரிவுக்கான முழு வழிகாட்டி

கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கை உடைந்த பையன், வண்டிச் சக்கரக் கம்பிக்குள் கால் சிக்கிய சிறுமி, அடுப்பிலிருந்த ரசத்தை மேலே இழுத்துக் கொட்டிக்கொண்ட இரண்டு வயதுக் குழந்தை. இவர்களை முதலில் பார்க்கிற பணி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

வழக்கமாக நடப்பது இதுதான்: வலிக்கு மருந்து வேண்டும், அதற்கு ஊசி வழி வேண்டும், அதற்கு நரம்பு, அதாவது ரத்தக்குழாய், கிடைக்க வேண்டும். குழந்தை திமிறுகிறது, நான்கு பேர் பிடிக்கிறார்கள், நரம்பு கிடைப்பதில்லை. இதற்கிடையில் எக்ஸ்ரே அறையிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. மருந்து உள்ளே போவதற்குள் உடைந்த கையைப் பலமுறை அசைத்திருப்பார்கள்.

இந்த வரிசையை மாற்றத் தனிப் பிரிவோ பெரிய செலவோ தேவையில்லை. மூக்கின் உட்சவ்வில் ஃபென்டனில் என்ற வீரியமான ஓபியாய்டு வலி மருந்தைப் பனித்துளி போலத் தெளித்தால் ஐந்து நிமிடத்தில் வலி தணியத் தொடங்கும். கீழே உள்ள அளவுகள் ஒரு வயதுக்கு மேற்பட்ட, நினைவோடும் சீரான மூச்சோடும் இருக்கிற குழந்தைகளுக்கானவை. உங்கள் மருத்துவமனையின் எழுத்து நெறிமுறையோடு ஒப்பிட்டு, மூத்த மருத்துவரின் ஒப்புதலோடு பயன்படுத்துங்கள். படிக்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இது வீட்டில் செய்யக்கூடியது அல்ல. ஆனால், “ஊசி போடும் முன் வலிக்கு வேறு வழியில் மருந்து தர முடியுமா?” என்று கேட்பது உங்கள் உரிமை.

1. குழந்தை வரும் முன்பே தட்டைத் தயார் செய்யுங்கள்

புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். மருந்து ஒரு பூட்டில், தெளிப்பு முனை வேறு அலமாரியில், சாவி யாரிடமோ இருக்கும். தேடி எடுப்பதற்குள் பொறுமையிழந்த ஒருவர் ஊசியைக் கையில் எடுத்துவிடுவார். அதனால் ஒரு சிறு தட்டில் இவற்றை ஒன்றாக வையுங்கள்:

- மூக்குத் தெளிப்பு முனை. ‘மேட்’ என்று நாம் அழைக்கும், மெத்தென்ற கூம்பு நுனி கொண்ட கருவி.
- ஒரு மி.லி., மூன்று மி.லி. சிரிஞ்சுகள். திருகிப் பூட்டும் வகை கிடைத்தால் நல்லது. வெறுமனே செருகும் வகையில் அழுத்தும்போது முனை கழன்று தெறித்துவிடும்.
- எடைவாரியாக அளவு எழுதிய அட்டை.
- வலி முகங்கள் வரைந்த அட்டை.

இன்சுலின் சிரிஞ்சை இந்தத் தட்டில் வைக்கவே கூடாது. நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் 40 என்ற கோடு ஒரு மி.லி.யைக் குறிக்கும். அவசரத்தில் அந்தக் கோடுகளை மி.லி.யாகப் படித்தால் அளவு தலைகீழாகிவிடும்.

ஆக்சிஜன், குழந்தை அளவு முகமூடியோடு கூடிய ஆம்பு பை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை), உறிஞ்சு கருவி, ஃபென்டனிலுக்கு மாற்று மருந்தான நலாக்சோன் ஆகியவை அதே அறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாத அறையில் ஃபென்டனில் கொடுக்க வேண்டாம்.

ஃபென்டனில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பின் அது அத்தியாவசியப் போதை மருந்துகளில் ஒன்று. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் முறையாக வாங்கிப் பதிவேட்டோடு வைத்திருக்கலாம். “சட்டச் சிக்கல்” என்று ஒதுக்கி வைத்திருக்கும் மருத்துவமனைகள் ஒருமுறை உட்கார்ந்து அந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கட்டும். அறுவை அரங்கில் இருக்கும் மருந்து அவசரப் பிரிவில் இல்லை என்பது பல இடங்களில் சாவி யாரிடம் இருக்கிறது என்ற பிரச்சினை மட்டுமே.

2. முதல் ஐந்து நிமிடம்: மருந்துக்கு முன் தொடங்க வேண்டியவை

மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், நினைவு. வலிக்காக அழுகிற குழந்தையிடமும் இதைத் தவிர்க்காதீர்கள். தலையிலும் அடிபட்டிருக்கலாம், வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம்.

அடுத்து, உடைந்த உறுப்பை இருக்கிற நிலையிலேயே ஸ்ப்ளின்ட் வைத்துத் தாங்குங்கள். நேராக்க முயல வேண்டாம். எலும்பு முனைகள் ஒன்றோடொன்று உரசுவதுதான் வலியின் பெரும்பகுதி. அசைவு நின்றாலே அழுகை பாதி அடங்குவதைப் பார்க்கலாம். கட்டும் முன்பும் கட்டிய பின்பும் மணிக்கட்டில் நாடித்துடிப்பு, விரல்களின் நிறம், அசைவு, உணர்ச்சி ஆகியவற்றைப் பார்த்து எழுதுங்கள். முழங்கைக்கு மேல் முறிவில் நாடி காணாமல் போவது அரிதல்ல.

வெந்நீர்க் காயமென்றால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். பட்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்தால் இதற்குப் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், அது தோலின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும். உடலின் மற்ற பகுதியைப் போர்த்தி வையுங்கள். சின்னக் குழந்தை சீக்கிரம் குளிர்ந்துவிடும். பற்பசையோ மையோ பூசி வந்திருந்தால் திட்டாமல் தண்ணீரிலேயே கழுவி எடுங்கள். பிறகு ஒட்டாத மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றாமல் மேலே பரப்பி மூடுங்கள். திறந்த காயத்தில் காற்றுப் பட்டாலே எரியும்.

அம்மாவையோ அப்பாவையோ வெளியே அனுப்பாதீர்கள். குழந்தை அவர்கள் மடியில் இருக்கட்டும். மடியிலிருக்கும் குழந்தைக்குத் தெளிப்பது எளிது, படுக்கையில் அமுக்கிப் பிடித்த குழந்தைக்குக் கடினம்.

3. யாருக்குக் கொடுக்கக் கூடாது

நினைவு மங்கியவர்கள், சுவாசம் தளர்ந்தவர்கள், ரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி (ஷாக்) நிலையில் இருப்பவர்கள், ஃபென்டனில் ஒவ்வாமை உள்ளவர்கள், மூக்கில் அடிபட்டவர்கள், மூக்கிலிருந்து ரத்தம் வடிகிறவர்கள். கடும் சளியால் இரண்டு துளைகளும் அடைத்திருந்தால் மருந்து சவ்வைத் தொடாது. முதலில் உறிஞ்சி எடுங்கள், எடுக்க முடியாவிட்டால் வேறு வழியைப் பாருங்கள். தூக்க மருந்தோ வலிப்பு மருந்தோ ஏற்கெனவே கொடுத்திருந்தால் மூத்தவரைக் கேளுங்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றாலும் அப்படியே.

4. வலியை அளந்து எழுதுங்கள்

“அழுகிறான்” என்று எழுதுவது அளவு ஆகாது. வலி மிகுந்த குழந்தை சில நேரம் அசையாமல், சத்தமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். புதியவர்கள் அதை ‘அமைதியான பிள்ளை’ என்று கடந்துபோவார்கள்.

பேசாத வயதில் முகம், கால், உடல் அசைவு, அழுகை, ஆறுதலுக்கு அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுங்கள். நான்கைந்து வயதிலிருந்து முக அட்டையைக் காட்டலாம். எட்டு வயதுக்கு மேல் 0 முதல் 10 வரை எண்ணாகவே கேட்கலாம். அட்டையைக் காட்டும்போது, “உனக்கு எவ்வளவு வலிக்கிறதோ அந்த முகத்தைத் தொடு” என்று கேளுங்கள். “நீ எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டால் பயத்தையும் சேர்த்துத் தொடும்.

7 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே மூக்கு வழி. 4 முதல் 6 வரை வாய் வழி மருந்தில் தொடங்கலாம்; ஆனால் எலும்பு கோணியிருப்பது கண்ணுக்கே தெரிந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

5. எடையும் கணக்கும்

எடையை நிறுத்துப் பாருங்கள். குழந்தையைத் தூக்கியபடி அம்மா எடைமேடையில் ஏறட்டும், பிறகு அம்மா மட்டும், கழித்தால் போதும். வயதை வைத்துக் கணக்கிடும் சூத்திரங்கள் நம் குழந்தைகள் பலருக்கு உண்மை எடையைவிடக் கூடுதலாகவே காட்டும்.

ஃபென்டனில் முதல் அளவு: கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம். ஒருமுறைக்கு அதிகபட்சம் 100 மைக்ரோகிராம். ஆம்பியூலில் ஒரு மி.லி.யில் 50 மைக்ரோகிராம் இருக்கும். லேபிளைப் படித்து உறுதி செய்யுங்கள். நீர் கலக்கக் கூடாது. கலந்தால் கொள்ளளவு கூடி, மூக்கு தாங்காமல் தொண்டைக்கு வழிந்துவிடும்.

14 கிலோ குழந்தைக்கு 14 × 1.5 = 21 மைக்ரோகிராம். 21 ÷ 50 = 0.42 மி.லி.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்று: தெளிப்பு முனைக்குள்ளேயே ஏறக்குறைய 0.1 மி.லி. தங்கிவிடும். 0.42 மட்டும் எடுத்தால் குழந்தைக்குப் போவது 0.32 தான், கால்வாசி மருந்து பிளாஸ்டிக்கிலேயே நின்றுவிடும். “மூக்கு மருந்து வேலை செய்யவில்லை” என்ற புகார்களில் கணிசமானவை இந்த 0.1-ஆல் வருபவை. எனவே 0.52 எடுங்கள், முனையைப் பூட்டுங்கள், நுனியில் ஈரம் தெரியும்வரை, அதாவது சிரிஞ்சில் 0.42 கோடு வரும்வரை மெல்லத் தள்ளுங்கள். இப்போது சிரிஞ்சில் இருப்பது முழுவதும் குழந்தைக்கு. இரண்டாவது அளவுக்கு அதே குழந்தைக்கு அதே முனையைப் பயன்படுத்தினால் இந்த 0.1-ஐ மறுபடி சேர்க்காதீர்கள். முனை ஏற்கெனவே நிறைந்திருக்கிறது.

கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். மைக்ரோகிராமை மில்லிகிராமாகப் படிப்பது ஆயிரம் மடங்கு பிழை. சுருக்கெழுத்து வேண்டாம், முழுச் சொல்லாக எழுதுங்கள்.

6. தெளிக்கும் முறை

முதலில் மூக்கைச் சிந்தச் சொல்லுங்கள், அல்லது உறிஞ்சுங்கள். அழுத குழந்தையின் மூக்கில் எப்போதும் சளி இருக்கும்.

குழந்தை பெற்றோர் மடியில் சாய்ந்து உட்காரட்டும், ஏறத்தாழ 45 பாகை. பெற்றோரின் ஒரு கை நெற்றியில், இன்னொரு கை குழந்தையின் கைகளின் மேல். நடப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்: “கண்ணா, மூக்கில் புஸ் என்று தண்ணீர் தெளிக்கிற மாதிரி இருக்கும். ஊசி இல்லை. கொஞ்சம் கசக்கும். பிறகு கை வலி குறையும்.” வலிக்கவே வலிக்காது, ஒன்றுமே தெரியாது என்று சொல்லாதீர்கள். அடுத்த அரை மணி நேரத்துக்கு அந்தக் குழந்தை உங்களை நம்ப வேண்டியிருக்கிறது.

கூம்பு நுனி மூக்குத் துளையை அடைத்து உட்காருமாறு வையுங்கள். குறி நேர் மேலே அல்ல, நடுச்சுவரை நோக்கியும் அல்ல. அதே பக்கத்துக் காதின் மேல் விளிம்பை நோக்கிச் சற்றே வெளிப்புறமாகச் சாயுங்கள். ரத்த நாளங்கள் செறிந்த சவ்வு அங்கேதான் விரிந்திருக்கிறது.

இப்போது உந்துதண்டைச் சட்டென்று, ஒரே மூச்சில் அழுத்துங்கள். பயத்தில் மெதுவாகத் தள்ளுவதுதான் புதியவர்களின் முக்கியத் தவறு. மெல்லத் தள்ளினால் பனியாகப் பிரியாமல் சொட்டுச் சொட்டாக வழியும். வழிந்தது தொண்டைக்குப் போகும். விழுங்கிய ஃபென்டனிலின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். சரியாகத் தெளித்திருந்தால் முனையை எடுத்ததும் துளை ஓரத்தில் மெல்லிய ஈரம் மட்டும் இருக்கும். குழந்தை உடனே மடக்கென்று விழுங்கினால் அல்லது உதட்டின் மேல் வழிந்தால் ஒரு பகுதி வீணானது என்று பொருள். அதைக் குறித்து வையுங்கள். ஊகத்தில் உடனே கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

எப்போதும் இரண்டு துளைகளுக்கும் பாதிப் பாதி. நம் எடுத்துக்காட்டில் 0.21, 0.21. ஒரு துளைக்கு அரை மி.லி.க்குள் இருந்தால் நன்றாக உறிஞ்சப்படும்; ஒரு மி.லி.யைத் தாண்டவே கூடாது.

தெளிப்பு முனை இல்லாமல் சிரிஞ்சிலிருந்து சொட்டுவிடுவதை இதற்குச் சமமாக எண்ண வேண்டாம். முனை தீர்ந்துவிட்டதென்றால் வாங்கி வைக்க ஏற்பாடு செய்யுங்கள். அன்றைய குழந்தைக்கு வேறு வழியைப் பாருங்கள்.

7. காத்திருக்கும் பத்து நிமிடம்

தெளித்த நேரத்தை எழுதுங்கள். ஐந்து நிமிடத்தில் தணிவு தொடங்கும், பத்து நிமிடமளவில் உச்சம். எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது, சட்டையைக் கழற்றுவது, கட்டைப் பிரிப்பது, ஊசி வழி வைப்பது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகுதான். இரண்டாவது நிமிடத்தில் கையைத் தூக்கிவிட்டு மருந்தைக் குறை சொல்வதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எக்ஸ்ரே ஊழியர் அவசரப்படுத்தினால், “சிஸ்டர் சொல்லும்வரை குழந்தை நகராது” என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு மருந்தின் அளவுக்கே மதிப்பு உண்டு.

விரலில் ஆக்சிஜன் அளவியை மாட்டி வையுங்கள். 5, 10, 15, 20, 30-ஆவது நிமிடங்களில் சுவாச எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, விழிப்பு நிலை, வலி எண் ஆகியவற்றைக் குறியுங்கள். லேசாகச் சொக்குவது இயல்பு. கூப்பிட்டால் கண் திறக்க வேண்டும். திறக்காவிட்டால், மூச்சு குறைந்தால், முதலில் தாடையை உயர்த்தி ஆக்சிஜனும் ஆம்பு பையும். மூச்சே நின்றுவிட்டால் பையால் மூச்சுக் கொடுத்தபடியே கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் நலாக்சோன், அதிகபட்சம் 2 மில்லிகிராம். நலாக்சோனைத் தேடி ஓடுவதில் பையை மறக்காதீர்கள். இந்த அளவில் மூக்கு வழியில் இது அரிது, ஆனால் அரிது என்பதால்தான் கை பழகாமல் இருக்கிறது.

இதே நேரத்தில் வாய் வழி மருந்தும் போகட்டும். ஃபென்டனில் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரைதான் தாங்கும். அது இறங்கும்போது இது ஏறியிருக்க வேண்டும். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், இபுபுரூஃபன் கிலோவுக்கு 10 மில்லிகிராம். வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்ட பிறகே ஊற்றுங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வகையிலும், சொட்டு மருந்து மி.லி.க்கு 100 மில்லிகிராமிலும் வருகிறது. பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் கலந்த சிரப்பும் உண்டு. “ஒரு மூடி கொடுத்தோம்” என்ற பதில் போதாது, பாட்டிலை வரவழைத்துப் பாருங்கள். காய்ச்சலோடு டெங்கு சந்தேகம், நீரிழப்பு, சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கசிவு இருந்தால் இபுபுரூஃபன் வேண்டாம். அறுவைக்கு வெறும் வயிறு தேவை என்பதற்காக இந்தச் சில மி.லி. சிரப்பை நிறுத்த வேண்டியதில்லை. மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

கோடீன், டிராமடால் ஆகிய ஓபியாய்டு வலி மருந்துகள் பன்னிரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம். சில குழந்தைகளின் உடல் இவற்றை மிக வேகமாக வீரியமான வடிவத்துக்கு மாற்றிவிடும். மூச்சு நின்ற நிகழ்வுகளால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் இரண்டுக்கும் தடை எச்சரிக்கை விடுத்தது. தொடையில் போடும் டைக்ளோபினாக் ஊசியும் நம் ஊரில் நிலைத்துவிட்ட பழக்கம். வலியோடு வந்த குழந்தைக்கு இன்னொரு வலியைச் சேர்க்கும் அந்த ஊசிக்கு நான் எந்த நியாயமும் காணவில்லை.

பத்து நிமிடத்தில் வலி 4-க்குக் கீழே வரவில்லை, குழந்தை விழிப்பாக இருக்கிறது என்றால் இரண்டாவது அளவு: கிலோவுக்கு 0.75 மைக்ரோகிராம். முதல் அளவை முழுவதுமாக மறுபடி கொடுக்க அனுமதிக்கும் நெறிமுறைகளும் உண்டு; பாதியே பெரும்பாலும் போதுமானது.

8. ஃபென்டனில் இல்லாத இடத்தில்

கெட்டமின் என்ற மயக்க மருந்து, மூக்கு வழியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். மி.லி.க்கு 50 மில்லிகிராம் உள்ள குப்பியையே எடுக்க வேண்டும்; 10 மில்லிகிராம் குப்பி மூக்குக்கு மிக அதிக நீர். 14 கிலோவுக்கு 14 மில்லிகிராம், அதாவது 0.28 மி.லி., கூடவே முனைக்கு 0.1. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலித் தணிப்பு ஏறத்தாழ சமமாகவே இருந்தது; ஆனால் தலைசுற்றல், வாய்க்கசப்பு, விசித்திரமான பேச்சு போன்ற சிறு தொல்லைகள் கெட்டமினில் கூடுதல். “கொஞ்ச நேரம் ஏதாவது உளறலாம், பயப்படாதீர்கள் அம்மா” என்று முன்பே சொல்லிவிடுங்கள். இதற்கும் பூட்டும் பதிவேடும் உண்டு.

மிடாசோலம் மூக்குத் தெளிப்பு வலியைக் குறைக்காது. தூங்கவைக்கும், அவ்வளவுதான். எலும்பு முறிவுக்கு அதை மட்டும் கொடுத்துவிட்டுக் குழந்தை அமைதியாகிவிட்டது என்று எழுதுவது, வலியைச் சொல்லும் வாயை மூடுவது.

நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த வாயு இருக்கும் இடத்தில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தை முகமூடியைத் தானே பிடித்து இழுக்கட்டும். கட்டுப் போடும் சில நிமிடங்களுக்கு மிக உகந்தது. நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தாலோ, குடல் அடைப்பு, தலைக்காயம் இருந்தாலோ கூடாது. முகமூடியை வேறொருவர் பிடித்து அழுத்தக் கூடாது. சொக்கும்போது தானே நழுவுவதுதான் அதன் பாதுகாப்பு.

9. தையல் காயமும் கைக்குழந்தையும்

முகம், தலைக் காயங்களுக்கு லிக்னோகெய்ன், அட்ரினலின், டெட்ராகெய்ன் கலந்த ஜெல்லைப் பஞ்சில் தோய்த்துக் காயத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் வைத்தால் ஊசியின்றியே மரத்துப்போகும். சுற்றியுள்ள தோல் வெளுப்பதுதான் அடையாளம். நம்மிடம் தயார் நிலையில் எளிதில் கிடைப்பதில்லை. மருந்தகம் கலந்து தர முடியுமா என்று கேளுங்கள். பிரிலோகெய்ன் கலந்த களிம்பு காயமில்லாத தோலுக்கானது, திறந்த காயத்துக்கு அல்ல. அதற்கும் ஒரு மணி நேரம் வேண்டும். குழாய் செருகும்போது பயன்படும் லிக்னோகெய்ன் ஜெல்லியைப் புறங்கையில் தடவி உடனே ஊசி குத்துவதால் எந்தப் பயனும் இல்லை.

சில மாதக் குழந்தைக்குக் குதிகால் குத்துவது போன்ற குறுகிய வலிக்கு, 24 அல்லது 25 சதவீத சர்க்கரைக் (சுக்ரோஸ்) கரைசல் ஒன்றிரண்டு மி.லி. நாவில் விட்டு, இரண்டு நிமிடம் கழித்துச் செய்யுங்கள். தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே செய்தாலும் சரி. எலும்பு முறிவுக்கு இது போதாது.

10. வலி குறையாவிட்டால்

இரண்டு அளவும் சரியாகப் போன பிறகும் வலி ஏறிக்கொண்டே இருந்தால், மூன்றாவது அளவைத் தேடாதீர்கள். கட்டைப் பிரித்துப் பாருங்கள். விரலை மெல்ல நீட்டினாலே அலறுகிறது, முன்கை இறுகியிருக்கிறது என்றால் தசை அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. நாடி இருப்பதால் ஆறுதல் அடையாமல் எலும்பு அறுவை மருத்துவரை அந்த நிமிடமே அழையுங்கள்.

வயிற்று வலிக்கும் மருந்தை நிறுத்தி வைக்க வேண்டாம். வலி அடங்கிய குழந்தையின் வயிற்றை நன்றாகத் தொட்டுப் பார்க்க முடியும், நோயறிதல் கெடுவதில்லை.

பெரிய தீக்காயம், தொடை எலும்பு முறிவு, பல இடங்களில் அடி என்றால் ஊசி வழி தேவைதான். அப்போதும் முதலில் மூக்கில் தெளித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து அடங்கிய குழந்தைக்கு வையுங்கள். அதிர்ச்சி நிலை மட்டும் விதிவிலக்கு. அங்கே ரத்தக்குழாய் வழியோ எலும்பு வழியோ, உடனே.

11. அனுப்பும்போது

வீட்டுக்கு என்றால் கடைசித் தெளிப்புக்குப் பின் ஒரு மணி நேரமாவது கண்காணித்து, முழு விழிப்போடு, ஏதாவது குடித்த பிறகு அனுப்புங்கள். வீட்டில் கொடுக்க வேண்டிய சிரப்பை மி.லி.யிலும் கடிகார நேரத்திலும் எழுதிக் கொடுங்கள். முதல் இரண்டு நாள் வலிக்கும்போது மட்டும் என்றில்லாமல் நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆம்பியூலில் மீந்ததை இன்னொருவர் முன்னிலையில் அப்புறப்படுத்தி, இருவரும் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். சட்டைப் பையில் போட்டுவைத்துப் பிறகு எழுதலாம் என்று விட வேண்டாம்.

வேறு மருத்துவமனைக்கு என்றால் சீட்டில் “வலிக்கு மருந்து கொடுக்கப்பட்டது” என்று மட்டும் எழுதினால் அங்கிருப்பவர் அடுத்த அளவைக் கொடுக்கத் தயங்குவார், அல்லது தெரியாமல் இரட்டிப்பாக்குவார். இப்படி எழுதுங்கள்: “எடை 14 கிலோ. ஃபென்டனில் 21 மைக்ரோகிராம், மூக்கு வழி, மாலை 6.10. இபுபுரூஃபன் 140 மில்லிகிராம், வாய் வழி, 6.15. வலி 8, 6.20-க்கு 3. மணிக்கட்டு நாடி உண்டு, விரல்கள் அசைகின்றன.”